பாஞ்சோவில் ஏசி/டிசி: வித்தையா, வேடிக்கையா?

பழைய ஊசி:
அமெரிக்கக் குழுவான ஹேசீட் டிக்ஸியின் முதல் ஆல்பத்தை (2001) நேற்று மறுபடி போட்டுக் கேட்டேன். முழுக்க ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாடல்கள், பாஞ்சோவும் (தோல் இழுத்துக் கட்டிய தந்தி வாத்தியம்) மாண்டலினும் சேரும் அமெரிக்க மலைநாட்டு இசையான ப்ளூகிராஸ் பாணியில். குழுவின் பெயரே ஏசி/டிசியை வைத்துச் செய்த சொல்விளையாட்டு. முதல் பாட்டுக்குச் சிரிப்பு வந்தது, மூன்றாவதற்குள் அலுத்துவிட்டது. டிரம்ஸைத் தூக்கு, பாஞ்சோவைப் போடு, மூக்கால் பாடு, அவ்வளவுதான் செய்முறை. அப்புறம் சிஎம்ஹெச் இசைத்தட்டு நிறுவனம் ராக் பாடல்களை ப்ளூகிராஸாக்கிப் போடும் ‘பிக்கின் ஆன்’ வரிசை வேறு. அதில் ராக் குழுவின் பெயர் மட்டும்தான் மாறும், மற்றதெல்லாம் இட்லித் தட்டில் ஊற்றி எடுத்த மாதிரி ஒரே அச்சு. இதை மனதார ரசித்துக் கேட்கிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

ஐந்தாம் தந்தி:
நான் இருக்கிறேன். ஹேசீட் டிக்ஸியில் பல வருடம் வாசித்த ரெனோ சகோதரர்கள் யாருடைய பிள்ளைகள் தெரியுமா? பாஞ்சோ மேதை டான் ரெனோவின் மகன்கள். அப்பா 1948-ல், ப்ளூகிராஸின் தந்தை என்கிற பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தவர். 1955-ல் கிட்டார்காரர் ஆர்தர் ஸ்மித்துடன் ‘ஃப்யூடின் பாஞ்சோஸ்’ வாசித்தார். 1972-ல் ‘டெலிவரன்ஸ்’ படத்தில் ‘டூயலிங் பாஞ்சோஸ்’ என்று உலகமே கேட்டது அந்த மெட்டைத்தான். மெட்டு தன்னுடையது என்று ஸ்மித் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1975-ல் சிஎம்ஹெச்சைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் இதே ஸ்மித்தான். நீங்கள் இட்லித் தட்டு என்கிறீர்கள். அடுப்பு அவர்கள் வீட்டு அடுப்பு, ஐயா.

பழைய ஊசி:
அப்பா மேதை என்பதற்காகப் பிள்ளை செய்கிற கேலிக்கூத்தை ஏற்கச் சொல்கிறீர்களா? என் கோபம் வேஷத்தின் மேல்தான். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே, வந்த வாத்தியக்காரர்களுக்கெல்லாம் பட்டிக்காட்டு உடுப்பு மாட்டிக் கோமாளிப் பெயரும் வைத்தார். 1939-ல் பில் மன்றோ அந்த மேடைக்கு வந்தது கோட்டு, டை, தொப்பியுடன். ‘எங்கள் இசைக்கு மரியாதை கொடு’ என்று வாயால் சொல்லாமல் சொன்னார். அறுபது வருடம் கழித்து இவர்கள் வந்து, டியர் லிக் ஹாலர் என்று ஒரு கற்பனைக் கிராமம், அங்கே விபத்தில் சிக்கிய காரிலிருந்து கிடைத்த ஏசி/டிசி இசைத்தட்டுகள் என்று கதை கட்டி, மறுபடி அந்த வேஷத்தையே போடுகிறார்கள்.

மூன்று விரல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் பாஞ்சோ பழகுகிறவன். வேஷத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். ஏசி/டிசியின் ‘தண்டர்ஸ்ட்ரக்’ (1990) பாட்டின் ஆரம்ப ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) கிட்டாரில் ஒரே தந்தியில் ஓடுகிறது. விரல் வைத்த ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடையில் அதே தந்தி விரல் படாமல் திறந்து ஒலிக்கும். பாஞ்சோவின் குட்டையான ஐந்தாவது தந்தி இருப்பதே இந்த வேலைக்குத்தான். கட்டைவிரல் அதை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மெட்டு மற்ற தந்திகளில் நடக்கும். அந்த ரிஃப் பாஞ்சோவுக்கு ரத்த சொந்தம். 2014-ல் ஃபின்லாந்துக்காரர்கள் ஸ்டீவ் என் சீகல்ஸ் அதை வாசித்த வீடியோ பரவியது அவர்கள் போட்ட ‘ஓவரால்’ என்ற பண்ணைக்கார உடுப்பால் மட்டும் இல்லை.

டிரம்ஸ் இல்லை என்பதும் முழுக்க உண்மை இல்லை. மாண்டலின்காரர் தந்திகளை அழுத்தி வெட்டுகிற ‘சாப்’தான் அங்கே ஸ்னேர் டிரம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாஞ்சோவில் தட்டிய ஸ்வரம் உடனே செத்துவிடும். ஆம்ப்ளிஃபையரில் நீளமாக உறுமுகிற மெதுவான பாட்டுகளை இதில் வாசித்தால் பொரி கொறிக்கிற சத்தம்தான் வரும்.

மலைக்காற்று:
2014-ல் நாஷ்வில் நகரத்து கண்ட்ரி பாடகர்கள் மோட்லி க்ரூ என்ற ராக் குழுவுக்கு அஞ்சலியாகப் போட்ட ‘நாஷ்வில் அவுட்லாஸ்’ ஆல்பத்தையும் இதில் சேர்க்கலாமா?

ஐந்தாம் தந்தி:
வேண்டாம். அது கவ்பாய் தொப்பி போட்ட ராக்.

பழைய ஊசி அண்ணே, நீங்கள் ஐயர்ன் ஹார்ஸ் கேட்டதுண்டா? அலபாமா குழு, 2003-ல் மெட்டாலிக்கா என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடல்களை ப்ளூகிராஸில் எடுத்தவர்கள். அதில் நக்கலே கிடையாது. ‘ஃபேடு டு பிளாக்’ சாக நினைக்கிறவனின் பாட்டு. மலைநாட்டுப் பாடல்களுக்குச் சாவு என்ன புதிதா? லூவின் சகோதரர்கள் 1956-ல் வெளியிட்ட ‘நாக்ஸ்வில் கேர்ள்’ பாட்டில் காதலன் காதலியைக் கட்டையால் அடித்தே கொல்கிறான். அண்ணன் தம்பி இருவரும் அதை எவ்வளவு இனிமையாகச் சேர்ந்து பாடுகிறார்கள்! அந்தக் குளிர்ந்த குரலை அறிந்தவர்களுக்கு மெட்டாலிக்கா அந்நியம் இல்லை.

பழைய ஊசி:
கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அதற்குள் இன்னொன்று. இந்த ஆல்பங்கள் குவிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். ஒருமுறை வெளிவந்த பாட்டை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம், பாட்டு எழுதியவரின் சம்மதம் தேவையில்லை. 2001-ல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்கு, பிரதிக்கு 7.55 சென்ட் கட்டினால் போதும். ராக் குழுவின் ரசிகர்கள் தயாராக இருக்கிறார்கள், விளம்பரச் செலவும் மிச்சம். ரசனையால் வந்த வெள்ளம் இல்லை இது.

மூன்று விரல்:
காசுக்காக வாசித்தால் விரல் தப்பாகவா போகும்?

பழைய ஊசி:
ராத்திரி ‘ஃபேடு டு பிளாக்’ கேட்டேன். இரண்டு முறை. குரல்கள் சேருகிற இடத்தில் சிரிப்பு வரவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேஷத்தைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் வாபஸ் இல்லை. ஹேசீட் டிக்ஸி சிடி யாருக்காவது வேண்டுமா? தபால் செலவு உங்களுடையது.

ஐந்தாம் தந்தி:
எனக்கு அனுப்புங்கள். என்னுடையது கீறல் விழுந்துவிட்டது.