பெரிய வீட்டுச் சொந்தங்கள்: தேனு ஐ.டி.ஐ. சேருற விஷயம்

ராசு: எல்லாரும் பாருங்கப்பா. தேனு பத்தாப்பு பாஸாயிருச்சுல்ல, பிளஸ் ஒன் வேணாம், தொழில் படிக்கிற ஐ.டி.ஐ. தான்னு ஒத்தக்கால்ல நிக்குது. என்ன செய்யலாம்?

செல்வி: என்னண்ணே, நல்லாப் படிக்கிற புள்ளய! பிளஸ் டூ முடிக்கட்டும். அரசுப் பள்ளிப் புள்ளைகளுக்கு இஞ்சினியரிங்ல 7.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்குல்ல.

பாண்டி: பொம்பளப் புள்ளைக்கு லேத்துப் பட்டறையில என்ன வேல மச்சான்?

தேன்மொழி: மாமா, முத்து சித்தப்பா கம்பெனியில, கம்ப்யூட்டர் வச்சு இரும்பு கடையுற சி.என்.சி. மிஷின் ஓட்டுற அக்காவ நான் பாத்தேன். எனக்கு அந்த வேலதான் வேணும்.

முத்து: அக்கா, மாமா, கப்பலூர்ல அச்சும் கருவியும் செய்யுற டூல் ரூம்ல நிக்கிறவன் நான், கொஞ்சம் கேளுங்க. பழைய ஐ.டி.ஐ. மாதிரி இல்ல இப்ப. 2022ல அரசும் டாட்டா டெக்னாலஜீஸும் ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐ.டி.ஐ.ய மாத்த எறங்குனாங்க. 2,877 கோடி ரூபா திட்டம். ரோபோட்டிக்ஸ், சி.என்.சி., எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக்னு டிரேடு, அதான் தொழில் பிரிவு, அதுலதான் வந்துச்சு.

பாண்டி: மாப்ள, ஒப்பந்தம்னு பேருதான். எங்க தெருப் பயல டிரெயினிங்னு கூட்டிப்போயி மாசக்கணக்குல அட்டப்பெட்டி ஒட்ட விட்டாய்ங்க. மிஷினத் தொடவே விடல.

முத்து: அதத்தான் மாமா நானும் சொல்ல வந்தேன். சேரலாமா வேணாமாங்கிறத விட, எந்தக் கம்பெனி கூட எப்படிச் சேர்ந்திருக்காங்கன்னு கேக்கணும். டூயல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு. ஐ.டி.ஐ.யும் கம்பெனியும் எழுத்துல ஒப்பந்தம் போட்டு, அடிப்படைய ஐ.டி.ஐ.ல படிச்சுட்டு மிச்சத்தக் கம்பெனித் தளத்துலயே கத்துக்கிறது. அங்க எத்தன மாசம், எந்த மிஷின், யாரு சொல்லிக் குடுப்பா? பிரின்சிபால்ட்ட நேராக் கேட்டுப்புடணும்.

முத்து: ஒண்ணு சொல்றேன். எங்க தளத்துக்கு வர்ற புதுப் பயலுக்கு முதல்ல மைக்ரோமீட்டரக் குடுப்பேன். நுனியில இருக்க ராச்செட்டத் திருகணும், மூணு டிக் சத்தம் கேட்டா நிப்பாட்டணும். பாதிப்பேரு உருளையப் புடிச்சு இறுக்குறான். 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் அளக்குற கருவி, இறுக்குனா அளவே பொய்யாப் போகும். நூறு பீஸும் ரிஜெக்ட். கம்ப்யூட்டர்ல பாத்துப் படிச்சா இது வராது. கம்பெனிக்காரனும் வாத்தியாரும் ஒக்காந்து பேசி, இத மொத வருசத்துலயே கையில குடுத்துட்டா, எங்களுக்கும் ஆளு கெடைக்கும், புள்ளைக்கும் வேல நிக்கும்.

செல்வி: சரி தம்பி. ஆனா அதோட படிப்பு முடிஞ்சுருமே?

முத்து: முடியாதுக்கா. ரெண்டு வருச டிரேடு முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம். டிப்ளமோ முடிச்சா பி.இ.யிலயும் ரெண்டாம் வருசத்துல சேரலாம். இடையில கம்பெனியில அப்ரண்டிஸ், அதான் தொழில் பழகுனரா, போனா உதவித்தொகை வாங்கிட்டே மத்திய அரசுச் சர்டிபிகேட்டும் வாங்கலாம்.

ராசு: செலவு?

தேன்மொழி: அரசு ஐ.டி.ஐ.ல கட்டணம் இல்லப்பா. மாசம் 750 ரூபா உதவித்தொகை. அரசோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரமும் கெடைக்கும், ஐ.டி.ஐ.க்கும் உண்டாம். பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்க.

பாண்டி: எல்லாம் விசாரிச்சுத்தான் வச்சிருக்கு கழுத 😊 மச்சான், பெட்டி ஒட்டுற கத மட்டும் நம்ம புள்ளைக்கு நடக்கக் கூடாது. நானும் கூட வாரேன், நானே கேக்குறேன்.

செல்வி: திருமங்கலத்துல இருந்து மதுரை புதூர் ஐ.டி.ஐ.க்குத் தெனமும் ரெண்டு பஸ்ஸு மாறணும். பொழுது சாஞ்சு வர்றதுன்னா என் வீட்ல தங்கட்டும் அண்ணே.

ராசு: சரித்தா.

முத்து: அண்ணே, புதன்கிழம எனக்கு செகண்ட் ஷிப்ட். காலையில ஒம்பது மணிக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க, புதூருக்குச் சேர்ந்து போவோம். டி.சி., மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், ஆதாரு, போட்டோ. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஜெராக்ஸ்.

தேன்மொழி: எல்லாம் எடுத்து வச்சுட்டேன் சித்தப்பா 🙏