ரைசன் 5 5600எக்ஸ்: முதன்முறையாக ஓவர்கிளாக் செய்ய எது பாதுகாப்பான வழி?

புதுக்கை (கேள்வி):
வணக்கம். இரண்டாண்டுகளாக என்னிடம் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசரும் பி550 மதர்போர்டும் இருக்கின்றன. கூலர், பெட்டியோடு வந்ததேதான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போடுவதுதான் (காட்சியை இறுதிப் படமாகக் கணித்தெடுப்பது) பெரும்பாலும் வேலை. ஒரு காணொளியில் மின்னழுத்தத்தை 1.4 வோல்ட்டில் நிலையாக வைத்து, ஆறு கோர்களையும் (பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓவர்கிளாக் செய்து, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்தைத் தாண்டி, ஓட்டிக் காட்டினார்கள். அதே எண்களை பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போட்டேன். விண்டோஸ் சின்னம் வரை வந்து திரை உறைந்துவிட்டது. மதர்போர்டிலிருந்த வட்ட பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்த பிறகுதான் பழைய நிலைக்குத் திரும்பியது. பிராசசருக்குச் சேதம் ஏற்பட்டிருக்குமா? மதுரையில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை; ஏசி இல்லை; இப்போது 36 டிகிரி. எதையும் மாற்றாதபோதே ரெண்டரின்போது 88 டிகிரி காட்டுகிறது.

வெப்பமானி:
சில நிமிடங்களில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கவலை வேண்டாம். ஆனால் அந்த எண்கள் உங்கள் அறைக்குப் பொருந்தாதவை என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். பிராசசர் தின்னும் மின்சாரம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறக்கூடியது. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது இப்போது ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1.4 வோல்ட், 4.7 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினால் வேகம் 7 விழுக்காடு கூடும். வெப்பமோ சுமார் 45 விழுக்காடு கூடும். உங்கள் கூலர் இப்போது அறை வெப்பத்துக்கு மேல் 52 டிகிரியில் நிறுத்துகிறது. 45 விழுக்காடு கூடினால் அது 75 ஆகும்; அறையின் 36ஐச் சேர்த்தால் 111. இந்தப் பிராசசரின் வரம்பு 95 டிகிரி, அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, ஓவர்கிளாக் செய்து வேகத்தை இழப்பீர்கள்.

இன்னொன்று: இந்தப் பிராசசர் ஒரே ஒரு கோருக்கு மட்டும் வேலை வரும்போது 1.4 வோல்ட்டையும் தாண்டித் தானாகவே ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். அதைப் பார்த்து, அந்த மின்னழுத்தம் எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. அப்போது ஓடும் மின்னோட்டம் குறைவு. ஆறு கோர்களும் முழுமூச்சாக உழைக்கையில் அதே மின்னழுத்தத்தை நாள்கணக்கில் கொடுத்தால்தான் சிலிக்கான் மெல்ல மெல்லத் தேய்கிறது.

பழைய ஸ்பேனர்:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். இந்தத் தலைமுறைப் பிராசசரில் வேகத்தை நிலையாகப் பூட்டுவதைவிட, பயாஸில் இருக்கும் பிபிஓ (பிராசசர் தானாக வேகமேறும் வரம்புகளை மாற்றும் ஏஎம்டியின் வசதி) பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பைப் பயன்படுத்துவதே பயன் தரும். நிலையாகப் பூட்டினால், ஒற்றைக் கோரில் தானாகக் கிடைக்கும் 4.6 கிகாஹெர்ட்ஸும் சில வேளைகளில் கைநழுவிப் போகும். கர்வ் ஆப்டிமைசரோ ஒவ்வொரு வேகத்துக்கும் தேவைப்படும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஒரு புள்ளிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை. மிச்சமாகும் வெப்பத்தை வேகமாக மாற்றிக்கொள்வது பிராசசரின் பொறுப்பு. எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ் 10 என்று தொடங்குங்கள். மின்வரம்புகளைத் தொட வேண்டாம். ரேம் வேகத்தையும் அதே நாளில் மாற்றாதீர்கள். பிறகு தவறு எதனால் வந்தது என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். பிபிஓவை இயக்குவதும் ஓவர்கிளாக்தான். அதனால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றே ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன் கூலரை மாற்றுங்கள். 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட சாதாரண டவர் கூலரே போதும். பழையதைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டி, தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தும் பசை) இளகிய பின் இயந்திரத்தை அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். நான்கு திருகுகளையும் குறுக்காக மாற்றி மாற்றித் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஒரே இழுப்பாக மேலே இழுத்தால், சாக்கெட்டின் கொக்கி பூட்டியிருந்தபோதும் பிராசசர் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும். எனக்கு வந்தது. வளைந்த இரண்டு பின்களைப் பேனாக்கத்தி முனையால் நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விட்டது.

இரவுப்பணி:
சோதனை குறித்து ஒரு சொல். முழுச் சுமையில் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை அரைமணி நேரம் தாங்கிவிட்டது என்பதால் கர்வ் ஆப்டிமைசர் நிலைபெற்றுவிட்டது என்று நம்ப வேண்டாம். கடும் சுமையில் வேகம் குறைவு. கோளாறு வெளிப்படுவது, ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும் இலேசான வேலையில்தான். என் இயந்திரம் ரெண்டரில் அசையாமல் நின்றது. விடியற்காலையில் சும்மா இருக்கும்போது தானாக மறுதொடக்கம் ஆனது. கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பிரைம்95 என்ற கடுங்கணக்கு மென்பொருள் கொண்டு சோதிக்கும். இரவு முழுவதும் ஓட விடுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ-லாகர் என்ற பெயரில் வன்பொருள் பிழை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிழை வந்த கோருக்கு மட்டும் ஐந்து புள்ளி தளர்த்தினால் போதும். பெரும்பாலும் மிகச் சிறந்த கோர்கள்தாம் முதலில் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அதிக வேகத்துக்கு அனுப்பப்படுபவை அவையே. சோதனைக் காலத்தில் பிளெண்டர் கோப்புகளின் நகலை வேறு வட்டில் வைத்திருங்கள்.

புதுக்கை:
மூவருக்கும் நன்றி. கூலர் மாற்றிய பின் அதே ரெண்டரில் 74 டிகிரி. நெகட்டிவ் 15 வரை சென்றேன். இரண்டாம் இரவில் ஒரு கோர் மட்டும் பிழை காட்டியதால் அதை 10இல் நிறுத்தியிருக்கிறேன். நான்கு நாட்களாகப் பதிவேட்டில் பிழை எதுவும் இல்லை.