மறு: பழைய லப்டொப் கூட்டுக்குள் புதிய போட்: தமிழில் என்ன சொல்?

வணக்கம்.

பழைய லப்டொப்பின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் போட்டை (மதர்போட்டை) மாற்றும் வேலைக்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, நான் ஸ்குரூ டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் பதில் சுணங்கிவிட்டது.

> ஆங்கிலத்தில் "ஸ்லீப்பர்" என்கிறார்களே, "உறங்கி" எனலாமா?

உறங்கி வேண்டாம். ஸ்லீப் மோடுக்கு உறக்கநிலை என்று எழுதிப் பழகிவிட்டோம். "என்ர லப்டொப் ஒரு உறங்கி" என்று சொன்னால் தட்டி எழுப்பிப் பார் என்பார்கள். அதோடு ஸ்லீப்பர் என்ற பேச்சில் ஒரு ஏமாற்று இருக்கிறது: வெளியே மங்கிப்போன பழைய பெட்டி, உள்ளே பாயும் வேகம். நான் ஒருவரையும் ஏமாற்றப் போகவில்லை. எனக்கு அந்தக் கூட்டில் ஆசை, அவ்வளவுதான்.

> கோயில் வழக்கிலுள்ள "புனருத்தாரணம்"?

சொல் அழகு, பொருள் தலைகீழ். புனருத்தாரணத்தில் மூலவர் அவரேதான், கட்டடம்தான் புதிது. இங்கே கட்டடம் அப்படியே நிற்கிறது, மூலவர் மாறிவிட்டார்.

> கூடுவிட்டுக் கூடு பாய்தல். திருமூலர் கதை.

இதில்தான் நானும் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். செத்த இடையனின் உடல், உள்ளே யோகியின் உயிர். பொருத்தம் அபாரம். ஆனால் வசனத்தில் வைத்துப் பாருங்கள்: "கூடு பாய்ந்த லப்டொப்". பாய்ந்தது போட், லப்டொப் அல்ல. யோகி தானாகப் போனார். போட்டை நாங்கள் அல்லவா திணிக்கிறோம்? பெயரெச்சமாக்கிப் பார்த்தால் வழுக்கி விழுகிற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சொல் தேடுவதற்கு முதல் வேலையைப் பார்ப்போம். என்னிடம் இருப்பது 2007 ஆம் ஆண்டுத் திங்க்பாட் எக்ஸ்61. 12.1 அங்குலத் திரை, 4:3 விகிதம். இந்தக் கூட்டுக்கென்றே அளவெடுத்து, ஐந்தாம் தலைமுறை இன்டெல் சிப்போடு எக்ஸ்62 என்ற போட்டைச் சீனாவின் 51என்பி ஆர்வலர் குழு செய்தது. அதைப் போடுவது தைத்த சட்டையைப் போடுவது மாதிரி. நான் போனது மற்ற வழி: கையிலிருந்த ராஸ்ப்பெரி பை 4, ஒற்றைப் பலகையில் அடங்கிய குட்டிக் கணனி. 85 மில்லிமீற்றருக்கு 56. கூட்டுக்குள் வைத்தால் நாற்சார் வீட்டு முற்றத்தில் ஒரு பாயை விரித்தது போலக் கிடக்கிறது.

திரைதான் முதல் தலையிடி. பழைய திரைக்குப் புரிவது எல்விடிஎஸ் என்ற சமிக்ஞை, ராஸ்ப்பெரி பையிலிருந்து வருவது எச்டிஎம்ஐ என்ற வேறு சமிக்ஞை. நடுவில் மொழிபெயர்க்க ஒரு பலகை வேண்டும். பின்னொளியும் எல்ஈடி அல்ல, மெல்லிய குழல் விளக்கு. அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கத் தனி இன்வேட்டர். விசைப்பலகை இன்னும் பொல்லாதது. உள்ளே வரிசையும் நிரலுமாகக் கோடுகள். எந்தக் கட்டையை அமத்தினால் எந்த இரண்டு கோடுகள் தொடுகின்றன என்று மீற்றரை வைத்து ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஒரு பின்னேரமும் அடுத்த நாள் காலையும் அதோடு சரி. பிறகு ஒரு சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் (நிரல் ஏற்றக்கூடிய சிப்) அந்தக் கோடுகளை வாசித்து யூஎஸ்பியாக அனுப்பியது. "க" அடிக்க "ப" வந்தது, திரும்பவும் மீற்றர்.

ஹாட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவதையும் இதே சொல்லுக்குள் அடக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தரமுயர்த்தல். பழைய போட் உயிரோடு இருக்கும் வரைக்கும் அது வேறு வேலை.

இனிச் சொல். போட்டைக் கழற்றி வைத்திருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "உள்ளுடனை எல்லாம் எடுத்துப்போட்டு வெறும் கோதை வச்சிருக்கிறாய், இனி என்னத்தை வைக்கப்போறாய்?" என்று கேட்டா. மோதகத்துக்கு உள்ளுடன் வைக்கிற கை கேட்ட கேள்வி. மூன்று நாள் நாங்கள் அடிபட்ட சொல் குசினியிலேயே கிடந்திருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: உள்ளுடன் மாற்று. "இந்த எக்ஸ்61ஐ உள்ளுடன் மாற்ற வேண்டும்", "உள்ளுடன் மாற்றிய திங்க்பாட்" என்று எப்படித் திருப்பினாலும் நிற்கிறது.

தமிழகத்து நண்பர்கள் உள்ளுடன் விளங்காது, பூரணம் என்போம் என்பார்கள். "பூரண மாற்று" என்று எழுதினால் எல்லாவற்றையும் மாற்றியதாக ஆகிவிடும். கூடு மாறவில்லை என்பதுதானே இங்கே முழு விடயமும். உள்ளீடு நல்ல பழைய சொல்தான், ஆனால் அதைக் கணனிக்காரர் ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். (கணனியா கணினியா என்று இங்கே தொடங்க வேண்டாம், தயவுசெய்து.)

யாழ்ப்பாணத்துக்கு இது புது வேலையும் அல்ல. 90களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்களுடைய ஒஸ்ரின் ஏ40 கார், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியது. சண்டை முடிந்தபின் அப்பா அதற்கு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்தார். மெக்கானிக் அதை "எஞ்சின் மாத்தின ஏ40" என்றார். கலைச்சொல் கேட்டு அவர் ஒருவருக்கும் மடல் எழுதவில்லை. கார் மாறியதாகவும் ஒருவரும் சொல்லவில்லை. என் சொல்லின் அச்சும் அதே அச்சுத்தான்.

மறுப்பிருந்தால் எழுதுங்கள், ஆனால் ஒரு வசனத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள்.

இன்னொன்று. போட்டைத் தாங்க அடியில் ஒட்டும் சின்னப் பித்தளைத் தண்டுகளுக்கு என்ன பெயர்? பழைய பிளாஸ்டிக் தண்டுகள் முறுக்கிய உடனே வெடித்துவிட்டதால் ஸ்ரான்லி வீதியில் ஒரு கடைக்குப் போனேன். பெயர் தெரியாமல் "குட்டித் தூண் இருக்கோ தம்பி?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை, லாச்சியைத் திறந்து, "எத்தனை மில்லிமீற்றர் அண்ணை?" என்றான்.