கார் லோன், வாரண்டி, ஆர்பிட்ரேஷன்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஈரோட்டான்:
டியூ நின்ற கதை உங்களுக்கே தெரியும், லாக்டவுன், வருமானம் இல்லை, தவணையைத் தள்ளிப்போட்ட மாரடோரியம் முடிந்ததும் வட்டியோடு சேர்த்துக் கேட்டார்கள். அதை விடுங்கள், என் மனதில் இன்னும் உறுத்துவது அந்த ஆர்பிட்ரேஷன் ஆபீஸ்தான், கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்து விசாரிக்கிற இடம். ஃபைனான்ஸ் கம்பெனியே ஒரு வக்கீலை ஆர்பிட்ரேட்டராகப் போட்டு, சென்னைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. போனால் மாடியில் ஒரு சின்ன அறை, மேஜை முழுக்கக் கட்டுக் கட்டாக ஃபைல், எல்லாவற்றிலும் அதே கம்பெனி பெயர். ஆர்பிட்ரேட்டரைக் காணோம். குமாஸ்தா ஒரு தாளை நீட்டி, "இவர் விசாரிக்க ஆட்சேபனை இல்லைன்னு ஒரு கையெழுத்து போடுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். எல்லாம் முன்பே அச்சடித்தது, என் பெயரும் வண்டி நம்பரும் மட்டும் பேனாவில். போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். அப்புறம் சத்தமே இல்லை. இப்போது ஈரோடு கோர்ட்டிலிருந்து, அவார்டை, அதாவது ஆர்பிட்ரேட்டரின் தீர்ப்பை, நிறைவேற்றுவதற்கான எக்ஸிகியூஷன் நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த அவார்டை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. பழைய வீட்டு விலாசத்துக்கு அனுப்பினார்களாம்.

பாலக்கரை:
அவார்டு தேதி என்ன சார்? அவார்டை ரத்து செய்யக் கேட்க ஆர்பிட்ரேஷன் சட்டம் பிரிவு 34-ல் மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. என் மச்சானின் லோடு வண்டி கேஸ் இப்படித்தான் அடிபட்டுப் போனது, உங்களுடையதும் முடிந்த கதைதான். பேசாமல் செட்டில்மென்ட் பேசுங்கள். பேசினால் தொகையை எழுத்தில் வாங்குங்கள், ஏஜென்ட் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், கட்டி முடித்ததும் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் ஹைப்பாதிகேஷனை, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவை, நீக்குங்கள். பலர் அதை அப்படியே விட்டு, வண்டியை விற்கும்போது அலைகிறார்கள். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டில் "செட்டில்டு" என்று விழும், "க்ளோஸ்டு" என்று வராது, அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர்:
என்னுடையது வாரண்டி. வாரண்டி காலத்துக்குள்ளேயே, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போய்விட்டது. சர்வீஸ் அட்வைசர் ஒரு தண்ணீர் பாட்டிலில் கலங்கலாக டீசலைக் காட்டி, "மேடம், உங்க டேங்க்ல எடுத்தது, தண்ணி கலந்திருக்கு, வாரண்டி வராது" என்றார். எடுத்தபோது நான் அங்கே இல்லை. பாட்டிலுக்கு சீலும் இல்லை, என் கையெழுத்தும் இல்லை. அந்த பாட்டிலை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. டீலர் கம்பெனியைக் கை காட்ட, கம்பெனி டீலரைக் கை காட்ட, நான் கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். புக்கிங் ஃபார்மில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது, கேஸ் இங்கே நிற்காது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். அந்த ஷரத்து நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே அஃப்தாப் சிங் வழக்கில் சொல்லிவிட்டது, அதனால் அவர் வாதம் எடுபடவில்லை. லேப் டெஸ்ட் கேட்டேன். அந்த பாட்டிலை அவர்களால் கொண்டுவரவே முடியவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது.

வேலூர்வாசி:
பாலக்கரை, தெரியாமல் ஒருவரை பயமுறுத்தாதீர்கள். மூன்று மாதம் அவார்டு தேதியிலிருந்து ஓடாது. ஆர்பிட்ரேட்டர் கையெழுத்திட்ட பிரதி பிரிவு 31(5)-ன்படி தரப்பினர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும், 2011-ல் ஆர்க் பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இது. ஈரோட்டான் சார் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாததும் சாதாரண விஷயம் இல்லை. வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்பது 2019 பெர்க்கின்ஸ் தீர்ப்பு. அந்த ஆட்சேபனையை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தகராறு வந்த பிறகு எழுத்தில் கொடுக்க வேண்டும், பிரிவு 12(5) அதைத்தான் சொல்கிறது. குமாஸ்தா நீட்டியது அந்தத் தாள்தான்! என் தங்கையிடம் அதே தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், வண்டி போனது. டோல்கேட்டில் மறித்து எடுத்தபோது பின் சீட்டில் பிள்ளையின் ஸ்கூல் பை இருந்தது, அதை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. அடியாள் வைத்து வண்டி எடுக்கக் கூடாது என்று 2007-லேயே பிரகாஷ் கௌர் வழக்கில் சொன்னார்கள். யார் கேட்கிறார்கள்?

பாலக்கரை:
சட்டம் நீங்கள் சொல்வதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரிவு 34 மனுவைச் சென்னையில்தானே போட வேண்டும்? வக்கீல் ஃபீஸ், அலைச்சல் எல்லாம் யார் தருவது?

ஈரோட்டான்:
வேலூர்வாசி சார், ரொம்ப நன்றி. கையெழுத்திட்ட பிரதி கேட்டு ஆர்பிட்ரேட்டருக்கும் கம்பெனிக்கும் இன்றே ரிஜிஸ்டர் தபால் போடுகிறேன். எக்ஸிகியூஷனில் அடுத்த வாய்தாவுக்குள் சென்னையில் ஸ்டே கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பணம் எவ்வளவு டெபாசிட் கட்டச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.