காலாவதியான போலராய்டு பிலிம்: கேமரா அசையவே மாட்டேன் என்கிறது

கறுப்பட்டை:
மாமாவின் 600 வகை போலராய்டு கேமராவோடு, பிரிக்காத பிலிம் பேக் ஒன்றும் கைக்கு வந்திருக்கிறது. பெட்டியில் உள்ள தேதி 2006. நிறம் எப்படி வந்தாலும் சரி, என்னதான் வருகிறது பார்ப்போம் என்று பேக்கைத் தள்ளி மூடியைச் சாத்தினேன். ஒரு சத்தமும் இல்லை, பிலிமில் வெளிச்சம் படாமல் மேலே மூடியிருக்கும் கறுப்பு அட்டைகூட வெளியே வரவில்லை. போனது கேமராவா, பிலிமா? வெளியே எடுத்தால் வெளிச்சம் பட்டுவிடுமோ என்று அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

ரோலர்ராஜா:
அநேகமாக இரண்டும் இல்லை, பேட்டரி. அந்தக் கேமராவுக்கென்று தனி பேட்டரி கிடையாது. பிலிம் பேக்கின் அடியிலேயே தட்டையாக 6 வோல்ட் பேட்டரி இருக்கும், மோட்டார், ஃபிளாஷ் எல்லாம் அதை நம்பித்தான். போலராய்டு பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததே 2008இல், அதற்கும் முந்தைய பேட்டரி இன்றைக்கும் ஓட வேண்டும் என்றால் அது பாவம். கறுப்பு அட்டை இன்னும் மேலேயே இருப்பதால் தைரியமாக எடுங்கள்.

இருட்டறை:
யாரிடமாவது ஐ-டைப் கேமரா (போலராய்டின் புதிய வகை) இருந்தால் இரவல் வாங்குங்கள், அதற்குச் சொந்த பேட்டரி உண்டு, 600 பேக்கும் அதில் போகும். இல்லாவிட்டால் இப்போது மறுபடி தயாராகிற புது 600 பேக் ஒன்றை எடுத்து முடித்ததும் அதன் கூட்டைத் தூக்கிப் போடாமல் வைத்து (பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கும்), முழு இருட்டில் பழைய தாள்களை அதற்குள் மாற்றலாம். நான் அப்படி மாற்றும்போது ஒரு தாளின் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடித்துவிட்டேன், படத்தை உருவாக்கும் ரசாயனப் பசை இருக்கிற பை உடைந்து விரலெல்லாம் வழவழ. அந்தப் பசை காரம், மிளகாய்க் காரம் இல்லை, தோலை அரிக்கிற காரம். பட்டால் உடனே கழுவுங்கள்.

ரோலர்ராஜா:
அந்தப் பசைதான் உண்மையான தலைவலி. அகலமான வெள்ளை ஓரத்துக்குள் இருக்கும் பையை ரோலர்கள் நசுக்கி, பசையைப் படம் முழுக்கப் பரப்ப வேண்டும். வயதான பசை காய்ந்து போய் மேல் மூலை வரை எட்டாது. அதனால் முதலில் ரோலர்களை ஈரத்துணியால் துடையுங்கள், குளிரில் எடுக்காதீர்கள், கேமராவில் இருக்கும் வெளிச்ச ஸ்லைடரைக் கூட்டுகிற பக்கம் நகர்த்தி வையுங்கள், பழைய பிலிமுக்குப் பார்வை மங்கியிருக்கும். அப்புறம், கறை விழுந்ததையெல்லாம் கலை என்பார்கள், பாதிக்குப் பாதி வெறும் கறைதான். திரும்பக் கிடைக்காத முகம் எதையும் இதில் எடுக்க வேண்டாம்.

பழுப்புநிறம்:
மிச்சத்தை ஃப்ரீஸரில் போட்டு வைக்கலாமே? நான் ரோல் பிலிமை அப்படித்தான் வைக்கிறேன்.

ரோலர்ராஜா:
ரோலுக்குச் சரி. இதில் பசை இருக்கிறதே, உறைந்தால் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும்.

கறுப்பட்டை:
இரவல் ஐ-டைப் கிடைத்தது! மூடியதும் கறுப்பு அட்டை கர்ரென்று வந்துவிட்டது, அதற்கே கைதட்டினேன். முதல் இரண்டும் வெறும் மஞ்சள். மூன்றாவதில் ஜன்னல் கம்பிகளும் பூனையின் முதுகும் தெரிகின்றன, தலை இருக்க வேண்டிய மேல் மூலைக்குப் பசையே போகவில்லை. பேக்கில் இன்னும் ஏழு இருக்கிறது, அடுத்த தடவை பூனையைக் கீழே உட்கார வைத்து எடுக்கிறேன்.