பொருள்: பல தாக்கிகள், ஒரே குடுவை – என்ன சொல் போடலாம்?

ஆசிரியை, கொக்குவில்:
பாடசாலை விஞ்ஞான மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. மூன்று, நாலு தாக்கிகளை (ஒன்றோடொன்று வினைபுரியும் பொருள்களை) ஒன்றாகவே விட்டு ஒரே விளைபொருள் எடுக்கும் முறைக்குச் சொல் வேணும். 1850இல் இரசாயனவியலாளர் ஸ்ட்ரெக்கர் அல்டிகைட்டு, அமோனியா, ஐதரசன் சயனைட்டு மூன்றையும் சேர்த்ததில் தொடங்கி, 1959இல் ஊகி என்ற இரசாயனவியலாளர் நாலைச் சேர்த்தது வரை எழுதிவிட்டேன். 'ஒருபடித் தாக்கம்' சரியோ?

விரிவுரையாளர், திருநெல்வேலி:
'ஒருபடி' வேண்டாம் ரீச்சர். ஊகியின் குடுவைக்குள் அல்டிகைட்டும் அமீனும் முதலில் இமீன் என்ற இடைப்பொருளாகும். பிறகுதான் ஐசோசயனைட்டும் காபொட்சிலிக்கமிலமும் வந்து சேரும். உள்ளே படி பல. கடைசியில் கணக்குப் பார்த்தால் ஒரு நீர் மூலக்கூறுதான் கழன்றிருக்கும். நாலு தாக்கிகளின் மிச்ச அணுக்கள் எல்லாம் விளைபொருளுக்குள்ளே. இதுதான் அதன் அழகு, சொல்லிலும் இதுதான் வரவேணும். 'பல்தாக்கித் தாக்கம்' என்பேன்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
இங்கே 'தாக்கம்' என்றால் பாதிப்பு; வேதிமாற்றத்தை 'வினை' என்போம். 'பல்கூறு வினை' இருவருக்கும் விளங்குமே?

ஆசிரியை:
எங்கட பிள்ளையளின் வினாத்தாளில் 'தாக்கம்' தானே இருக்கு, ஐயா. அதை மாத்தேலாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:
'பல்தாக்கி' என்று எழுதக் கை கூசவில்லையா? பல்+துளி பஃறுளி ஆனது போல 'பஃறாக்கி'. அந்தப் பஃறுளி ஆற்றைக் கடல் கொண்டதென்று சிலம்பு சொல்லும். ஆய்தத்தை நாங்களே மூழ்கடிக்க வேணுமோ?

விரிவுரையாளர்:
ஐயா, நன்னூல் ஆய்தம் 'ஆகவும் பெறும்' என்றுதானே விடுகிறது? 'பல' என்று அகரத்தோடு நிறுத்தினால் புணர்ச்சிச் சிக்கலே இல்லை.

மருந்தாளர், காரைநகர்:
மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் 1875ஆம் ஆண்டு இரசாயன நூலுக்குப் பெயரே 'கெமிஸ்தம்'. விளங்கினால் போதும். எல்லாம் ஒரே சட்டியில் வேகும் எங்கட ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ் இருக்கே, 'கூழ்த் தாக்கம்' என்றால் எந்தப் பிள்ளைக்கும் பிடிபடும்.

விரிவுரையாளர்:
கூழுக்குப் பலாக்கொட்டை முன்னுக்குப் போகும், ஒடியல் மா கரைத்து விடுவது கடைசியில். அப்படி ஒவ்வொன்றாய்ச் சேர்ப்பது 'ஒருகலத் தொகுப்பு'. இது வேறு. மேலும் 'கூழ்' என்ற சொல் ஏற்கெனவே பாடத்தில் வேறு பொருளில் இருக்கு.

ஆசிரியை:
அந்த வேறுபாட்டைக் கூழை வைத்தே விளக்கி ஒரு பந்தி சேர்த்துவிட்டேன், நல்லாய் வந்திருக்கு. தலைப்பு 'பலதாக்கித் தாக்கம்'. நாலு பேர் சம்மதம். வட்டுக்கோட்டை ஐயா பொறுத்தருள வேணும்.

தமிழாசிரியர்:
போடுங்கோ பிள்ளை. நான் சம்மதிக்கவில்லை என்பதையும் குறித்து வையுங்கோ. 'பஃறாக்கி'.