கம்பெனி மேட்டில் மூன்று லாரி

(குழு: மேலத்தெரு வீடு. ஞாயிறு காலை)

பெரியப்பா: கம்பெனி மேட்டுக்கு விடியற்காலையில் மூன்று லாரி வந்து நிற்கிறது. ஒரு கிரேனும் இருக்கிறது. கேட்டால் 'பராமரிப்பு' என்கிறார்கள். எட்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற எண்ணெய்க் கிணற்றுக்கு என்ன பராமரிப்பு?

பெரியப்பா: [படம்]

அத்தை: படத்தில் உங்கள் விரல்தான் தெரிகிறது அண்ணே.

கார்த்தி: நல்ல சேதிதானே பெரியப்பா. ஆள் எடுப்பார்களா என்று கேட்டீர்களா?

பெரியப்பா: எடுப்பான். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வைப்பான்.

கார்த்தி: சிரிக்காதீர்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு அறையில் நாலு பேர். ஊரில் ஒரு தொழில் வந்தால் உடனே கொடி பிடிக்கிறோம். வயலில் என்ன மிச்சம்? போன சம்பா அறுவடையில் மழை. ஈரப்பதம் 17-க்கு மேல் என்று நெல்லைத் திருப்பி அனுப்பினார்கள். ரோட்டில் போட்டுக் காயவைத்தோமே, மறந்துவிட்டதா?

அத்தை: மறக்கவில்லை. என் முதுகு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

சித்தப்பா: 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே. தஞ்சாவூர், திருவாரூர், நாகை முழுக்க அதில் இருக்கிறது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்க முடியாது.

பெரியப்பா: புதிதாக. அந்த வார்த்தையைக் கவனி தம்பி. சட்டத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த வேலைக்குத் தடை இல்லை. அதனால்தான் எல்லாமே இப்போது 'பழைய கிணறு', 'பராமரிப்பு'.

சித்தப்பா: அதுவும் சரிதான். 2020 ஜனவரியில்தான் மத்திய அரசு சோதனைக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டாம் என்று விதியை மாற்றியது. 2025-ல் ராமநாதபுரத்தில் 20 சோதனைக் கிணற்றுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியே வந்த பிறகுதான் மாநில அரசு திரும்பப் பெறச் சொன்னது. மீத்தேன் எரிவாயுத் திட்டமும் இப்படித்தான். ஒப்பந்தம் 2010-ல். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்ன பிறகுதான் நமக்கு அந்த வார்த்தையே தெரியும். 2013 டிசம்பரில் அந்தப் பிரசாரத்துக்கு வந்த இடத்தில், அத்திவெட்டியில்தான் இறந்தார். தடை வந்தது 2015-ல்.

அத்தை: கதிராமங்கலத்தை விட்டுவிட்டாய். 2017 ஜூன் 30. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் நின்றது. கேட்கப் போனவர்களுக்குத் தடியடி.

கார்த்தி: ஒரு இடத்தில் கசிந்தது என்றால் எல்லா இடத்திலும் கசியுமா? நீங்கள் சமைக்கிற கேஸ் எங்கிருந்து வருகிறது அத்தை?

மாமா (குவைத்): நைட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். மச்சான், லாரியில் என்ன இருக்கிறது?

பெரியப்பா: தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறான் மாப்பிள்ளை. பாறையை உடைத்து எடுக்கிற பிராக்கிங் என்கிறார்களே, அதற்காக வந்திருக்கிறானா என்று டீக்கடையில் ஒரே பேச்சு.

மாமா (குவைத்): மூன்று லாரியில் பிராக்கிங் நடக்காது. அதற்குத் தண்ணீர், மணல், ரசாயனம் எல்லாவற்றையும் கலந்து பெரிய அழுத்தத்தில் உள்ளே தள்ளிப் பாறையில் விரிசல் போட வேண்டும். பம்பு வண்டிகள் வரிசையாக நிற்கும், தண்ணீர் லட்சக்கணக்கான லிட்டரில் வேண்டும். ஒளித்துவைத்துச் செய்கிற வேலை இல்லை. மேடு முழுக்க வண்டியாக இருந்தால் அப்போது சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய கிணறுகளில் எண்ணெய் பெரும்பாலும் மணற்பாறையிலிருந்து தன் அழுத்தத்தில் ஏறி வந்ததுதான். எல்லாக் கிணற்றையும் பிராக்கிங் என்று சொன்னால் அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தப்பான கேள்வி கேட்காதீர்கள்.

மாமா (குவைத்): சிமென்ட் மூட்டை இருக்கிறதா பாருங்கள்.

கார்த்தி: மாமா, நீங்கள் சொல்லுங்கள். இதில் வேலை இருக்கிறதா, இல்லையா?

மாமா (குவைத்): இருபது வருஷமாக ரிக்கில், அதாவது கிணறு துளைக்கிற இயந்திரத்தில், இருக்கிறேன், மறைக்காமல் சொல்கிறேன். ரிக் வந்தால் ஆளும் ரிக்கோடு வரும், ரிக்கோடு போகும். துளை போட்டு முடித்தால் வால்வு பார்க்க ஷிப்டுக்கு ஓரிரண்டு பேர். காவல், தண்ணி வண்டி, சாப்பாடு காண்டிராக்ட் உள்ளூருக்கு வரும். உன் டிப்ளமோவுக்கு வேலை கிணற்றடியில் இல்லை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் பார்.

கார்த்தி: சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. அந்த மேட்டுக்குக் குத்தகைப் பணம் நமக்குத்தானே வந்தது? என் காலேஜ் பீஸ் அதில்தானே கட்டினீர்கள்?

(இருபது நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை. அத்தை மட்டும் 'டைப்பிங்' என்று காட்டிக் காட்டி அணைந்தார்.)

பெரியப்பா: ஆமாம். இரண்டு மா நிலம். அப்பா கையெழுத்துப் போட்டார், நான் பணம் வாங்கினேன். விளைச்சலை விட அதிகம்தான் கொடுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. மூன்று வருஷமாக அதுவும் நின்றுவிட்டது. ஆனால் மேடு அப்படியே இருக்கிறது. ஜல்லியும் கிராவலும் ரோலர் போட்டு இறுக்கின இடம். போன சித்திரையில் மண்வெட்டி போட்டேன், பொறி பறந்தது. துளைத்தபோது வந்த சேற்றைக் கொட்டின, அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்த குழியை மூடின இடத்தில் கோரைகூட முளைக்கவில்லை. சுற்றிலும் பச்சை, நடுவில் வழுக்கை.

அத்தை: வாடகையும் இல்லாமல் இன்று யாரைக் கேட்டு உள்ளே வந்தான்?

கார்த்தி: அதைச் சொல்லுங்கள் முதலில். குத்தகை முடிந்துவிட்டதா?

பெரியப்பா: யாருக்குத் தெரியும்? இங்கிலீஷில் இருக்கிறது.

பெரியப்பா: மாப்பிள்ளை, போய்ப் பார்த்தேன். சிமென்ட் மூட்டைதான், நிறைய.

மாமா (குவைத்): அப்படியானால் நிரந்தரமாக அடைக்க வந்திருக்கலாம். ஆனால் பழைய துளையை சிமென்டால் அடைத்துவிட்டு, அதே கிணற்றில் வேறு ஆழத்தில் துளைக்கவும் முடியும். மூட்டையைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. என்ன வேலைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

சித்தப்பா: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், 30 நாள். மனு நான் எழுதுகிறேன். நாளை தாசில்தாரிடமும் ஒரு நகல்.

கார்த்தி: சித்தப்பா, இங்கிலீஷ் மனு நான் அடிக்கிறேன். அடைக்கிறார்களா, திறக்கிறார்களா, மேட்டை யார் எடுப்பது, எப்போது என்று தனித்தனியாகக் கேட்போம். வேலை பற்றியும் ஒரு கேள்வி சேர்ப்பேன், அதை யாரும் வெட்டக் கூடாது.

பெரியப்பா: சேர்த்துக்கொள்ளடா. ஸ்டூல் எத்தனை என்றும் கேள்.

அத்தை: குத்தகைப் பத்திரம் அம்மாவின் தகரப்பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கும். சாவி சாமி மாடத்தில்.

கார்த்தி: எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள் பெரியப்பா. விரல் படாமல்.

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: [படம்]

அத்தை: இந்தத் தடவை கட்டைவிரல்.